வங்கிக் கடிதத்தில் வந்த 'சாங்ஷன்'

வங்கிக் கடிதத்தில் 'சாங்ஷன்' (sanction) என்று பார்த்துவிட்டு, கடனுக்குத் தடை விழுந்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். வீட்டுக்கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்று வங்கி எழுதியிருந்தால், ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றுதான் பொருள். செய்தித்தாளில் ரஷ்யா மீது 'சாங்ஷன்ஸ்' என்று படித்துவிட்டுக் குழம்பியிருக்கிறீர்கள், அது தடை. ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள். குற்றம் உங்களுடையதல்ல, ஆங்கிலத்துடையது!

சட்டத்தைப் புனிதமாக்கி நிலைநிறுத்துவதைக் குறித்த இலத்தீன் வினையே இதன் வேர். அந்தச் சட்டம் தரும் இசைவும் அதை மீறினால் விழும் தண்டனையும் ஒரே பெயரைச் சுமந்தன. 1966-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) மீது விதித்தது இரண்டாம் வகை.

பிரித்தறிய, பன்மையில் வந்து, பின்னால் 'ஆன்' (on) அல்லது 'அகெய்ன்ஸ்ட்' (against) இருந்தால் பெரும்பாலும் தடைதான். வினையாக வரும்போது மட்டும் இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நம் அரசுக் கோப்புகளில் முதற்பொருளுக்கு 'ஒப்பளிப்பு' என்ற அழகான சொல் இருக்கிறது. ஏனோ வங்கிகள் அதைத் தொடுவதில்லை.

ஒன்று மட்டும்: ஒப்பளிப்பு வந்தாலே பணம் வந்ததாகாது. 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்ற இன்னொரு சொல் அடுத்த கடிதத்தில் வரும், பணம் அப்போதுதான்.