பதினொரு மாதத்தில் வேர் பிடிக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடியில் 24 வீடுகள். ஒன்பதில் வாடகைக்கு இருக்கிறார்கள். மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சங்க வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை அழைத்தோம். அந்த ஒன்பது வீட்டிலிருந்து ஒருவர்கூட இறங்கி வரவில்லை. சொந்த வீடு இருந்தால்தான் ஊர்மேல் அக்கறை வரும், இல்லையா?

செ., மடிப்பாக்கம்

அன்புள்ள செ.,

பாதி சரி. கடன் வாங்கிக் கட்டிய வீட்டு வாசலில் சாக்கடை தேங்கினால் தூக்கம் வராதுதான். சிங்கப்பூரில் லீ குவான் யூ அரசு 1964-இல் வீட்டுடைமைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் இதனால்தான். எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு பிடிப்பு வேண்டுமென்று நினைத்தார்கள். ஆனால் அங்கே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டை வாங்குகிறவருக்குக் கிடைப்பது 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அவருடையதல்ல. ஆனாலும் வேர் பிடிக்கிறார். நாளைக்குக் காலி செய்யென்று யாரும் சொல்லமாட்டார்கள் என்ற தைரியம்தான் அது.

நாம் எழுதுவது 11 மாதப் பத்திரம். ஓராண்டைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். அதைத் தவிர்க்க வந்த பழக்கம். 2017-இல் புது வாடகைச் சட்டம் போட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை.

நானும் 13 வருடம் வாடகைக்கு இருந்தவன். ஒரு வீட்டில் கேட்டருகே புங்கங்கன்று வைத்தோம். ஆடு கடிக்காமல் பழைய கொசுவலையைச் சுற்றி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தாள் என் மனைவி. அது தோளுயரம் வந்த வருடம் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். காலி செய்தோம். அடுத்த வீட்டில் கன்று வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

சங்கக் குழுவில் அழைத்தோம் என்கிறீர்களே, அதில் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்களா? தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டப்படி சங்கத்தில் உறுப்பினர் உரிமையாளர்தான். பல இடங்களில் வாட்ஸ்அப் குழுவும் அவர்களுக்கு மட்டுமே. மெயின்டெனன்ஸ் பணத்தை மாதாமாதம் கட்டுவது என்னவோ குடியிருப்பவர். கிராம சபையில் உட்காரப் பட்டா கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், ஓலைக் குடிசையில் வாடகைக்கு இருப்பவரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். உங்கள் சங்கக் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் பேச்சு இருக்கட்டும்.

ஐப்பசி மழைக்கு முன் எப்படியும் மறுபடி கூடுவீர்கள். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டி, நேரில் கூப்பிடுங்கள். தண்ணீர் எந்த மூலையில் முதலில் ஏறும் என்று அவருக்குத்தான் தெரியும்.