ஈர்ப்பும் குவாண்டமும் படித்தால் தென்னாப்பிரிக்காவில் பிழைப்பு ஓடுமா?

டர்பனில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகள் மெட்ரிக் (இங்கே பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டாள், ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கியல்) படிக்க இடம் கிடைத்தும் வேண்டாம் என்கிறாள், கருந்துளை, குவாண்டம் ஈர்ப்பு (ஈர்ப்பையும் அணு அளவிலான குவாண்டம் விதிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி) என்றே பேசுகிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா? நான் தமிழ்நாட்டிலிருந்து இங்கே பிஎச்.டி. செய்ய வந்தவன். போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) முடித்து இப்போது பாடம் நடத்துகிறேன்.

அக்கா, பிழைப்பு ஓடும். எந்த ஊரில் ஓடும் என்பதுதான் அவள் கையில் இருக்காது.

படிப்பு பெரிய சிக்கல் இல்லை. பி.எஸ்சி. 3 வருடம், ஆனர்ஸ் 1, மாஸ்டர்ஸ் 2, அப்புறம் பிஎச்.டி. மூன்று நான்கு வருடம். நன்றாகப் படித்தால் பர்சரி (கல்வி உதவித்தொகை) கிடைக்க வாய்ப்பு உண்டு. கேப் டவுன் பக்கம் முயிசன்பர்க்கில் இயற்பியலாளர் நீல் டூரோக் 2003-ல் தொடங்கிய எய்ம்ஸ் (மருத்துவக் கல்லூரி அல்ல, ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம்) என்ற இடத்திலும் மாஸ்டர்ஸ் செய்யலாம்.

ஆனால் இயற்பியல் துறையில் மட்டும் தேடாதீர்கள். இந்த நாட்டில் ஈர்ப்பு ஆராய்ச்சி பாதி கணிதத் துறைகளில்தான் நடக்கிறது. ஹாக்கிங்கோடு சேர்ந்து 1973-ல் அந்தப் புகழ்பெற்ற கால-வெளி நூலை எழுதிய ஜார்ஜ் எல்லிஸ், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியராக இருந்தவர். உங்கள் ஊரையே பாருங்கள். 1961-ல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று துறைமுகத்து சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரியை ஒதுக்கினார்கள். அதன் வழிவந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் 2004-ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அங்கேயும் பொதுச் சார்பியல் (ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடு) குழு கணிதத் துறையில்தான் இருக்கிறது. சரக் கோட்பாடு (துகள்களை நுண்ணிய சரங்களாகப் பார்ப்பது), குவாண்டம் ஈர்ப்பு என்றால் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம், கேப் டவுன்.

கஷ்டம் பிஎச்.டி.க்குப் பிறகு. போஸ்ட்டாக் என்பது இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம். வருடக் கடைசியில் உலகம் முழுக்க விண்ணப்பம் போட வேண்டும். மூன்று பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். பெரும்பாலும் புத்தாண்டையொட்டித்தான் பதில் வரத் தொடங்கும், அதுவும் வந்தால்தான். வேலை தொடங்குவது செப்டம்பரில். நம் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குவதால் நடுவில் சில மாதம் சம்பளமில்லாமல் தொங்கும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பா போக விசா வேறு. ஓர் ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து நாலு பேரைப் பழகுவதற்குள் அடுத்த ஊருக்கு விண்ணப்பம். இப்படி இரண்டு மூன்று சுற்று முடிந்தும் நிரந்தர லெக்சரர் வேலை கிடைக்காமல் பலர் வங்கிக்கோ மென்பொருளுக்கோ போய்விடுகிறார்கள். போனவர்களைத் தோற்றவர்கள் என்று பேசும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

இடம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குவாண்டம் ஈர்ப்பு தலைகாட்டும் பிளாங்க் நீளம், ஒரு மீட்டரைப் பத்தால் முப்பத்தைந்து முறை வகுத்தால் வரும் அளவு. எந்தத் துகள் முடுக்கியும் அதை எட்டவில்லை. சோதனைச்சாலை இல்லாத துறைக்குப் பணமும் அளவோடுதான் வரும். கருந்துளையிலிருந்து கதிர்வீச்சு வரும் என்று ஹாக்கிங் 1974-ல் சொன்னார். உள்ளே விழுந்த தகவல் என்ன ஆகிறது என்று இன்னும் சண்டை போடுகிறோம். 1997-ல் மால்டசேனா என்ற இயற்பியலாளர், ஒரு வகை வெளியில் உள்ள ஈர்ப்பை அதன் எல்லையில் ஈர்ப்பே இல்லாத குவாண்டம் கோட்பாடாக எழுதலாம் என்றார். அதை வைத்தே ஒரு தலைமுறை பிழைக்கிறது, நான் உட்பட.

ஆகவே ஒரு காலை வெளியே வைத்திருக்கச் சொல்லுங்கள். குவாண்டம் தகவலியல் தெரிந்தால் குவாண்டம் கணினிப் பக்கம் போகலாம். 2015-ல் ஈர்ப்பலை பிடிபட்ட பிறகு தரவு தெரிந்த சார்பியல்காரர்களுக்கும் தேவை இருக்கிறது. இங்கேயே கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் 64 தட்டு ஆன்டெனாக்களோடு மீர்காட் ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது.

முதல் வருடம் இயற்பியலோடு பயன்பாட்டுக் கணிதமும் கணினி அறிவியலும் எடுக்கட்டும். ஆனர்ஸில் சூப்பர்வைசரைத் தேடும்போது தலைப்பு அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பார்க்கட்டும்.