பள்ளியிலிருந்து வந்த ஆய்வுப் பாரம்: வாசகர் கேள்விகள்

*இரண்டாம் படிவம் படிக்கும் என் மகள் ஆறு பக்கப் பாரம் ஒன்றைக் கொண்டு வந்தாள். பல்கலைக்கழக ஆய்வாம். இரத்தம் எடுப்பார்களாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் வருவார்களாம். ஏதோ வியாதி இருப்பதாகச் சந்தேகப்பட்டுத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்களா?*
– ஒரு தாய், செந்தூல்

இல்லை. இந்த மாதிரி ஆய்வில் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பொறுக்குவதில்லை. முதலில் பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். பிறகு அந்தப் பள்ளியில் சில வகுப்புகள், அந்த வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் பாரம். மகளின் பக்கத்து நாற்காலிக்காரியைக் கேளுங்கள், அவள் பையிலும் அதே ஆறு பக்கம் இருக்கும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்? ஒரே ஒரு நாள் அளந்தால் இத்தனை பேருக்கு எடை கூடுதல் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் என்ன ஆனார்கள் என்று தெரிய, அவர்களையே தொடர்ந்து பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மைஹார்ட் ஆய்வு 2012-இல் கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக் பள்ளிகளில் 13 வயது மாணவர்களோடு தொடங்கி, 15 வயதிலும் 17 வயதிலும் அவர்களையே மறுபடி பார்த்தது. இதில் பெரிய தலைவலி, நடுவில் ஆட்கள் கழன்றுவிடுவது. பள்ளியை விட்டு நின்றவர், வீடு மாறியவர், கைத்தொலைபேசி எண் மாற்றியவர் எல்லாரும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டால், மிச்சமிருப்பவர்களை வைத்து வரும் முடிவு நிலைமையை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும். அதனால்தான் இரண்டாவது தொடர்பு எண்ணும் கேட்கிறார்கள்.

இரத்தத்தின் அளவு பாரத்தில் எழுதியிருக்க வேண்டும். 10 மில்லி என்றிருந்தால் இரண்டு தேக்கரண்டி, பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிறு என்று போட்டிருந்தால் அதைச் சரியாகப் பிடியுங்கள். இரவு 9 மணிக்குச் சாப்பாடு முடிந்தால் காலை 7 மணி வரை பச்சைத் தண்ணீர் மட்டும். 'பிள்ளை மயங்கிவிடுவாளே' என்று அரை கப் மைலோ கொடுத்து அனுப்பினால் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் ஏறித் தெரியும். இல்லாத நோய்க்குக் கடிதம் வரும். மைலோவை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுங்கள், ஊசி முடிந்ததும் குடிக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும்: உங்களுடையது ஒன்று, மகளுடையது ஒன்று. நீங்கள் சம்மதித்தும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாதியில் விலகினாலும் யாரும் காரணம் கேட்கக்கூடாது. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

*மனநலம் பற்றிய கேள்வித்தாளை மகன் நிரப்பப் போகிறான். அவன் எழுதுவது வகுப்பாசிரியருக்குத் தெரியுமா?*
– ஒரு தகப்பனார், பட்டர்வொர்த்

தெரியக்கூடாது. கேள்வித்தாளில் பெயரோ மைகார்டு (அடையாள அட்டை) எண்ணோ இருக்காது, ஒரு குறியீட்டு எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள். ஆனால் நடைமுறையில் ஓட்டை விழும் இடம் வகுப்பறைதான். மேசைகளை ஒட்டிப் போட்டு, ஆசிரியர் நடுவில் உலாவிக்கொண்டிருந்தால் எந்தப் பையன் உண்மையை எழுதுவான்? நிரப்பும் நேரத்தில் ஆசிரியர் வெளியே இருப்பாரா, தாளை உறையில் ஒட்டித் தருவார்களா என்று ஆய்வாளரிடம் கேளுங்கள்.

இரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. மனச்சோர்வை அளக்க இங்கே அதிகம் பயன்படும் பிஎச்கியூ-9 தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று பொருளல்ல. ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா என்பது. அதில் 0 தவிர வேறு எதைப் போட்டாலும் அன்றைக்கே ஒருவர் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். இந்த ஏற்பாட்டை பாரத்திலேயே எழுதாத ஆய்வில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து பிள்ளைகள் மறைத்த காலமும் போய்விட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. 2022-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நாலில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. பேச ஆள் வேண்டுமென்றால் அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555.

*எனக்கு 17 வயது. அம்மாவுக்குத் தெரியாமல் சேரலாமா?*
– பிரிக்ஃபீல்ட்ஸ்

பொதுவாக முடியாது, 18 ஆக வேண்டும். சில ஆய்வுகளில் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை என்று, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவே விலக்குக் கொடுக்கும். அப்படியிருந்தால் பாரத்திலேயே எழுதியிருக்கும்.

*எங்கள் இளைஞர் மன்றம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மலேசிய இந்திய இளையோர் உடல்நலம் பற்றி ஆய்வு செய்ய நினைக்கிறது. எங்கள் பங்கு என்ன?*
– நிபோங் திபால் வாசகர்கள்

ஆள் பிடித்துக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை என்றால் அது கூட்டு ஆய்வு இல்லை, கூலி வேலை. கேள்வித்தாள் அச்சாகும் முன்பே உள்ளே உட்காருங்கள். உங்கள் ஊர் பற்றி அவர்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஓர் உதாரணம். 'வாரத்தில் எத்தனை முறை கார்பனேட் பானம் குடிக்கிறீர்கள்?' என்று கேட்டால், தினமும் மாமாக் கடையில் தே ஆயிஸ் (ஐஸ் தேநீர்), பண்டோங் (ரோஜாப் பால்) என்று இனிப்பாகக் குடிக்கும் பையன் 'இல்லை' என்று போடுவான். பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆய்வு அறிக்கையோ இந்திய இளைஞர்கள் இனிப்பு பானம் குறைவாகக் குடிக்கிறார்கள் என்று வரும். மொழிபெயர்ப்பும் இப்படித்தான். 'மனச்சோர்வு' என்று தாளில் இருந்தால் பலர் 'அசதி' என்று புரிந்துகொள்வார்கள். ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். பிறகு பத்துப் பேரிடம் கொடுத்து, 'இந்தக் கேள்வி உனக்கு எப்படிப் புரிந்தது?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

அனுமதிக்குக் காலம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, அரசாங்க மருத்துவமனை சம்பந்தப்பட்டால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு, பள்ளிக்குள் போவதென்றால் கல்வி அமைச்சு. பள்ளியோடு மட்டும் நின்றுவிடவும் வேண்டாம். 18 முதல் 24 வயதுக்காரர்களில் பலர் பிறை ஊரில் தொழிற்சாலை ஷிப்டிலோ சாப்பாடு டெலிவரி மோட்டாரிலோ இருக்கிறார்கள். அவர்களை எட்டுவதற்குத்தான் உங்களை மாதிரி மன்றம் வேண்டும்.

*ஆய்வு முடிவு எங்களுக்கு வருமா? மகளுக்கு இரத்தம் குறைவு என்று சொன்னார்கள்.*
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பிள்ளையின் சொந்த முடிவைத் தருவார்களா என்பது பாரத்தில் இருக்கும், சில ஆய்வுகள் மொத்தக் கணக்கை மட்டுமே வெளியிடும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் (இரத்தச் சிவப்புச் சத்து) டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்தத் தாளோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையம்) போங்கள். அதற்கு முன் ஃபார்மசியில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரும்புச் சத்துக் குறைவிலும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்தியாக இருப்பதிலும் சிவப்பணு சிறுத்துத்தான் தெரியும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்த பிறகே மாத்திரை. நான்காம் படிவத்தில் பள்ளியில் செய்யும் தலசீமியா சோதனை ஆய்வல்ல, அரசாங்கத் திட்டம். அந்த முடிவு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.