மூன்றாம் நாளாகியும் பால் ஊறவில்லையே?

கேள்வி: சிசேரியன் முடிந்து 3 நாள் ஆகிறது. சீம்பால் சில சொட்டுதான் வருகிறது. குழந்தையை மடியில் வைத்தாலே தையல் வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: எனக்கும் நான்காம் நாள் இரவுதான் மார்பு கனத்தது, அதுவரை அழுதுகொண்டேதான் இருந்தேன். சிசேரியனுக்குப் பிறகு பால் ஊறச் சற்றுத் தாமதமாகலாம். மடியில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் தலையணை போட்டு, குழந்தையின் கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கையிடுக்கில் அணைத்துக்கொள்ளுங்கள், தையலில் படாது. ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். அழும்வரை காத்திருக்காமல், ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். அப்புறம், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். பால் கொடுப்பதைச் சொல்லி மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். எழுப்பியும் குடிக்காமல் குழந்தை தூங்கினாலோ, ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் 6 முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ உடனே காட்டிவிடுங்கள்.