கேள்வி – பதில்: தண்ணீர்ப் பேச்சில் எது கேள்வி?

மலேசியாவுடனான தண்ணீர் விவகாரத்தில் "விலை முக்கியமல்ல" என்று சிங்கப்பூர் சொல்கிறது. காசைப் பற்றிப் பேசும்போது அது சும்மா ஒப்புக்குச் சொல்வதுதானே?
– தொடக்கக் கல்லூரி மாணவர், ஈசூன்

இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் 2061 வரை நாளுக்கு 25 கோடி கேலன் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென் (100 சென் ஒரு மலேசிய ரிங்கிட்). முழு அளவும் எடுத்தாலும் நாளுக்கு 7,500 ரிங்கிட்தான். இதை விலைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டால் மலேசியா சொல்வதே எடுபடும்: இந்தக் காலத்தில் 3 சென் ஒரு விலையா? பிறகு எவ்வளவு கூட்டுவது என்ற பேரம் மட்டுமே மிஞ்சும்.

சிங்கப்பூர் கேள்வியையே மாற்றிவைத்தது. ஒரு தரப்பு நினைத்தால் ஒப்பந்தத்தை மாற்றலாமா? இந்தத் தண்ணீர் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் தருவது, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது செய்த 1965 பிரிவினை உடன்பாடு. அது ஐநாவில் பதிவானது. அப்படிப் பார்த்தால் 3 சென்னில் நாட்டின் இறையாண்மையே அடங்கியிருக்கிறது. இந்த வாதம் சரியானது என்பதே என் கருத்து.

ஆனால் இதற்கும் விலை உண்டு. 3 சென்னை 10 சென் ஆக்கலாம். "ஒப்பந்தம் செல்லும்" என்பதில் பாதியை விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி விடாப்பிடியாக நிற்க வேண்டுமானால் குழாயில் வேறு தண்ணீரும் வரவேண்டும். 2003இல் வந்த புதுநீரை, அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீரை, இந்தக் கோணத்திலும் பாருங்கள்.

இப்படிக் கேள்வியை வைப்பதில் தலைவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?
– வாசகி, தெம்பனிஸ்

பெரும்பாலும் பழைய சம்பவத்தோடு ஒப்பிடுவதில். 1956இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் அவரை ஹிட்லர், முசோலினி போன்ற 1930களின் சர்வாதிகாரிகளைப் போலப் பார்த்தார். அந்த ஒப்பீடு மனத்தில் ஏறியதும் சமரசம் என்றாலே சரணாகதி என்றாகிவிட்டது. பிரிட்டிஷ் படை எகிப்துக்குப் போனது, அமெரிக்க நெருக்குதலில் திரும்பியது.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்த 1962 நெருக்கடியிலும் அமெரிக்கத் தரப்பில் முதல் நாள் பேச்சு பெரிதும் விமானத் தாக்குதலைச் சுற்றியே இருந்தது. பிறகு அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவுக்குப் போகும் கப்பல்களை மறிக்க முடிவெடுத்தார். "முற்றுகை" என்றால் சட்டப்படி போர்ச்செயல். அதனால் "தனிமைப்படுத்தல்" என்று பெயரிட்டார். அந்தப் பெயர் எதிரிக்குப் பின்வாங்கவும் இடம் விட்டது.

அடுத்த முறை செய்தி படிக்கும்போது அதே சம்பவத்தை விலை, சட்டம், பாதுகாப்பு என்று மூன்று கேள்விகளாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் என்னென்ன வழிகள் வருகின்றன, எவை காணாமல் போகின்றன என்று குறித்துப் பாருங்கள்.