தங்கக் காடைக்குப் பழுப்புக் குஞ்சு பிறந்தால்…

கேள்வி: "நூறு சதவீதம் சுத்த ரகம்" என்று சொன்னதை நம்பி, சாதாரணக் காடையைவிடப் பல மடங்கு விலை கொடுத்துத் தங்க நிறக் காடைகளை வாங்கினேன். ஆண், பெட்டை எல்லாமே தங்கம்தான். ஆனால் இன்குபேட்டரில் பொரிப்பு குறைவு. வந்த குஞ்சுகளிலும் மூன்றில் ஒன்று பழுப்பு. விற்றவரோ "உங்க மெஷின் சரியில்லை" என்கிறார். கலப்பினத்தைத் தலையில் கட்டிவிட்டாரா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மெஷின்மேல் பழி வேண்டாம். காடைகளிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. "சுத்த ரகம்" என்ற பேச்சில்தான் கோளாறு.

நாம் வளர்க்கும் ஜப்பானியக் காடையின் இயல்பான நிறம் பழுப்பு. நிறத்துக்கான மரபணு ஒவ்வொரு குஞ்சுக்கும் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். மஞ்சள் மரபணுவில் ஒரு பிரதி இருந்தாலே குஞ்சு தங்க நிறமாகிவிடும். இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். ஆக, இந்த வகையில் உயிரோடு திரியும் எந்தத் தங்கக் காடையும் உள்ளே ஒரு பழுப்பை வைத்துக்கொண்டுதான் இருக்கும். அதில் சுத்த ரகம் எங்கிருந்து வரும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கத்தோடு தங்கம் சேர்த்து, கருக்கூடிய 100 முட்டை வைத்தால், சராசரியாக 25 கரு இறக்கும். 50 தங்கம், 25 பழுப்பு பொரிக்கும். பொரித்த 75-இல் 25 பழுப்பு, அதாவது மூன்றில் ஒன்று. நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான்.

இதிலேயே உங்கள் காசை மிச்சப்படுத்தும் வழியும் இருக்கிறது. தங்க ஆணைப் பழுப்புப் பெட்டைகளோடு விடுங்கள். அதே 100 முட்டையில் 50 தங்கம், 50 பழுப்பு வரும். இந்த மரபணுவால் ஒரு கருவும் சாகாது. தங்கக் குஞ்சு எண்ணிக்கை குறையவே இல்லை, கவனித்தீர்களா? பழுப்புக் காடையும் முட்டைக்கும் கறிக்கும் விலைபோகிறது. ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெட்டை என்பதால், அதிக விலை கொடுத்து ஜோடி ஜோடியாக வாங்கவே தேவையில்லை. தங்க ஆண் மட்டும் வாங்கினால் போதும்.

இன்னொரு விஷயம், சந்தையில் தங்கம் என்று விற்பதெல்லாம் இதே மரபணு அல்ல. இரண்டு பிரதி சேர்ந்தாலும் பிழைக்கும் வெளிர்நிற வகையும் உண்டு; அதில் மாறாமல் ஒரே நிறம் வரும் வரிசையை உருவாக்க முடியும். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, "போன பொரிப்பில் என்னென்ன நிறம் வந்தது, எத்தனை?" என்று கேளுங்கள். பதிவு வைத்திருப்பவர் டக்கென்று சொல்வார்.

பணம் விஷயம்: பில்லும், "சுத்த ரகம்" என்று அவர் எழுதிய விளம்பரமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வணிகத்துக்காக வாங்கியவர் 2019 சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: சினமன் நிறக் காடை வாங்கினால் பொரித்த அன்றே ஆண், பெட்டை பிரிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: உண்மைதான், ஆனால் சினமன் ஆணை வாங்க வேண்டும். அந்த நிறம் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. மகளுக்கு அது தகப்பனிடமிருந்து மட்டுமே வரும். சினமன் ஆண், பழுப்புப் பெட்டை என்றால் சினமன் குஞ்செல்லாம் பெட்டை, பழுப்பெல்லாம் ஆண். பெட்டையைச் சினமனாக வாங்கி வந்து சுத்தமான பழுப்பு ஆணோடு விட்டால் எல்லாமே பழுப்பாக வரும், பிரிக்க முடியாது.

பழுப்புக் காடையில் மூன்று வாரத்தில் நெஞ்சைப் பார்த்தால் தெரியும்: ஆணுக்குச் செம்பழுப்பு, பெட்டைக்குப் புள்ளி. வெள்ளையில் அந்த அடையாளம் கிடையாது. அதனால் வெள்ளைக் காடையைப் பருவத்துக்கு வந்தபின், ஆறேழு வாரத்தில் வாங்குங்கள். ஆணின் ஆசனவாய்க்கு மேலுள்ள புடைப்பை லேசாக அழுத்தினால் வெள்ளை நுரை வரும். அதைக் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.