வாசகர் கேள்வி – பதில்: ஹாம் ரேடியோவில் வண்டியைப் பின்தொடர்வது

கேள்வி: செல்போன் சிக்னல் இல்லாத வழியிலும் வண்டி எங்கே போகிறது என்று ஹாம் ரேடியோவில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஹாம் என்றால் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். அமெரிக்க ஹாம் பாப் புருனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ், இருப்பிடம் போன்ற சிறு தகவல்களை ரேடியோவில் அனுப்பும் முறை; அது அதற்கும் பயன்படுகிறது. வண்டியில் ஜிபிஎஸ், ட்ராக்கர், 2 மீட்டர் அலைநீள ரேடியோ, கூரையில் சுமார் 49 செ.மீ. கால் அலை ஆன்டெனா. ட்ராக்கர் இருப்பிடத்தை 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாக மாற்றி ரேடியோவுக்குத் தரும். வழியிலுள்ள டிஜிபீட்டர் என்ற நிலையம் அதை மறுபடி அனுப்பும். ஐகேட் என்ற நிலையம் அதை இணையத்தில் ஏற்றும். இரண்டுமே காதில் வாங்காத பள்ளத்தாக்கில் வண்டி வரைபடத்தில் நகராது. அதிர்வெண் நாட்டுக்கு நாடு வேறு: வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். ஹாம் உரிமம் கட்டாயம்.

கேள்வி: பக்கத்து ரேடியோவில் 'கர்ர்' என்று பலமாகக் கேட்கிறது. வரைபடத்தில் மட்டும் வண்டியைக் காணோம். வாட்டைக் கூட்டட்டுமா?

பதில்: வாட்டில் (ரேடியோவின் சக்தியில்) கை வைக்காதீர்கள். பலமாகக் கேட்பதுதான் சந்தேகத்துக்கு இடம். ட்ராக்கர் ஒரு தடவை அனுப்பும் தகவல் துண்டுக்குப் பேக்கெட் என்று பெயர். ஒவ்வொரு பேக்கெட்டின் கடைசியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. ஒரே ஒரு பிட் பிசகினாலும் பேக்கெட் மொத்தமும் குப்பைக்குப் போகும். 'மறுபடி அனுப்பு' என்று கேட்க யாருமில்லை. ட்ராக்கரின் ஒலி, மைக் உள்ளீட்டுக்குப் பெரும்பாலும் அளவுக்கு மீறியதாக இருக்கும். ரேடியோ அதன் உச்சியை வெட்டிவிடும், ஒலி சிதையும்.

இன்னொரு ரேடியோவில் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பை) திறந்து வைத்துக் கேளுங்கள். ட்ராக்கரின் ஒலி திருகை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஓர் இடத்துக்குமேல் திருகினாலும் சத்தம் கூடாது. வெட்டு அங்கே தொடங்குகிறது. அங்கிருந்து, சத்தம் தெளிவாகக் குறையும்வரை பின்னால் வாருங்கள். அளக்கக் கருவி இருந்தால் அதிர்வெண் விலகல் 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸுக்குள் நிற்கட்டும். குறைத்துக்கொண்டே வந்து திருகு பூஜ்ய முனையிலேயே போய் முட்டினால், ஒலிக் கம்பியில் தொடராக ஒரு மின்தடை போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

அதன்பிறகும் வரவில்லையா? டிஎக்ஸ் டிலேயை, அதாவது ரேடியோவை இயக்கியபின் தகவலைத் தொடங்கும்வரை ட்ராக்கர் காத்திருக்கும் நேரத்தை, 300 மில்லிசெகண்டாக வையுங்கள். ரேடியோ முழுச் சக்திக்கு வருமுன் ட்ராக்கர் பேச ஆரம்பித்தால் பேக்கெட்டின் தலை போய்விடும்.

கேள்வி: 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால் கோடு அழகாக வருமே?

பதில்: உங்களுக்கு அழகு, மற்றவர்களுக்குத் தொல்லை. ஒரு பேக்கெட் ஏறக்குறைய ஒரு விநாடி அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது; அதே அலைவரிசையில்தான் எல்லாரும் இருக்கிறார்கள். வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப அனுப்பும் ஸ்மார்ட் பீக்கனிங்கைப் பயன்படுத்துங்கள்: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 60 விநாடிக்கு ஒன்று, நின்றால் 30 நிமிடத்துக்கு ஒன்று, 30 டிகிரி திரும்பினால் உடனே ஒன்று. வளைவில் புள்ளி விழுவதால் கோடும் சாலையை ஒட்டியே வரும். எத்தனை டிஜிபீட்டர் தாண்டிப் போகலாம் என்று சொல்லும் பாதை 'வைட்1-1, வைட்2-1' போதும். அழைப்புக்குறிக்குப் பின்னால் -9 போடுங்கள். காருக்கு வழக்கத்தில் உள்ள எண் அது.

கேள்வி: நானே நிரல் எழுதிய ட்ராக்கர், வண்டியை வடக்கே 37 கி.மீ. தள்ளிக் காட்டுகிறது.

பதில்: தசம டிகிரியை அப்படியே அனுப்பியிருப்பீர்கள். ஏபிஆர்எஸ் கேட்பது டிகிரியும் நிமிடமும். 12.5083 டிகிரி என்றால் 12 டிகிரி 30.50 நிமிடம், '1230.50' என்று போக வேண்டும். '1250.83' என்று போனால் 20 நிமிடத்துக்குமேல் பிசகு, அதாவது நீங்கள் சொல்லும் அதே 37 கி.மீ. தசமப் பகுதியை 60-ஆல் பெருக்குங்கள். தீர்க்கரேகையில் டிகிரிக்கு மூன்று இலக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். கையோடு கையாக, ஜிபிஎஸ் வரியில் நிலை எழுத்து 'ஏ' (இருப்பிடம் சரி) என்று வந்தால் மட்டும் அனுப்பும்படி எழுதுங்கள். 'வி' (இருப்பிடம் நம்பத்தக்கதல்ல) வரும்போது அனுப்பினால் வண்டி கடலுக்குள் போய் நிற்கும்.

கேள்வி: எங்கள் லாரிகளுக்குப் பொருத்தலாமா? வெளியார் பார்க்காதபடி பூட்டு போட வழியுண்டா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. ஹாம் அலைவரிசையில் வியாபாரமும் கூடாது, மறைகுறியீடும் கூடாது. சொந்தக் காரில் பொருத்தினாலும் அது போகும் வழி ஊரறிந்ததுதான்; வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ட்ராக்கரை அணைத்துவிடுங்கள்.